ஒரே டிவியில் மூன்று கறுப்பு

புளூரே டிஸ்க்கில் படம் போட்டால், இரவுக் காட்சியில் கதாநாயகனின் தலைமுடி, அவன் போட்டிருக்கும் கோட்டு, பின்னால் இருக்கும் சுவர் மூன்றும் சேர்ந்து ஒரே கரித்துண்டு. அதே டிவியில் செட்டாப் பாக்ஸுக்கு மாற்றினால் கறுப்பு என்பதே கிடையாது, எல்லாம் சாம்பல் பூசின மாதிரி வெளிறி நிற்கும். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்குப் போனால் இரண்டும் இல்லாத மூன்றாவது கோளாறு, முகமெல்லாம் குங்குமம் தடவினாற்போல் சிவந்து, மெனு எழுத்துகள்கூட மங்கல். எட்டு மாதம் இப்படியே ஓட்டினோம். யாராவது ஒருவர் ரிமோட்டை எடுத்து ப்ரைட்னஸைக் கூட்டுவார், அடுத்து உட்காருபவர் அதைக் குறைப்பார்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில் இருப்பது 55 அங்குல 4கே எல்இடி டிவி, எல்லாப் பெட்டியின் படத்தையும் ஒலியையும் வாங்கி டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் அனுப்பும் ஒரு ஏவி ரிசீவர், புளூரே பிளேயர், டிடிஎச் பாக்ஸ், ஒரு ஸ்டிக். இவ்வளவுதான் சாமான். இதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து ராத்திரி ஆனது. பாதி வேலை அப்பாவால் நடந்தது, அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது. அப்பா திருப்பாப்புலியூரில் முப்பது வருடத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். டார்க்ரூமில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் புரோமைடு பேப்பர் அலசியவர். பெட்டியையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ பற்றி அவருக்குத் தெரியாது, ஆனால் கறுப்பு எது, கறுப்பு மாதிரி தெரிவது எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

முதல் ராத்திரி நான் செய்த தவறு, நேராக டிவி மெனுவுக்குப் போனது. ஒரு மணி நேரம் திருகியும், டிஸ்க்குக்குச் சரியாக வந்தது பாக்ஸுக்குக் கெட்டது. அப்பா பின்னாலிருந்து, "அந்த மூணு பொட்டியும் டிவிக்குத் தனித்தனியா போவுதா, ஒண்ணா போவுதா?" என்று கேட்டார். அங்கேதான் விஷயம் பிடிபட்டது. மூன்றும் ரிசீவருக்குப் போகின்றன, ரிசீவரிலிருந்து டிவிக்கு ஒரே ஒரு ஒயர். டிவியைப் பொறுத்தவரை இன்புட் ஒன்றுதான். டிவியில் இன்புட்டுக்கு ஒரு செட்டிங் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் உதவாது. மூன்று பெட்டியும் ஒரே மாதிரி சிக்னல் அனுப்பினால்தான் டிவியில் வைக்கும் ஒரு செட்டிங் மூன்றுக்கும் பொருந்தும். ஆகவே டிவியைக் கடைசியில் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, டிவியைத் தனியாக, பெட்டிகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் டிவியைத் தொடவே இல்லை, அறையைப் பார்த்தோம். எங்கள் ஹாலில் டிவி மாட்டியிருந்த சுவருக்கு முன்பு பிஸ்தா பச்சை பெயின்ட். நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு இந்த நிறம்தான், பகலில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் பச்சைச் சுவருக்கு நடுவில் ஒரு வெள்ளைப் படத்தைப் பார்த்தால் கண் அந்தப் பச்சையை ஈடுகட்டப் பார்க்கும், வெள்ளை லேசாக ரோஜா நிறம் காட்டும். அப்பா ஸ்டுடியோவில் பிரின்ட் பார்க்கும் இடத்தில் சுவருக்கு வெள்ளை தவிர வேறு எதுவும் அடிக்க விட்டதில்லை. அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெளிர் சாம்பல் அடித்தோம், ஒரு லிட்டர் பெயின்ட் மீதியாகிவிட்டது. கிழக்கு ஜன்னலுக்குக் கனமான திரை. டிவியின் முதுகில் பகல் வெளிச்ச வெள்ளையான 6500 கெல்வின் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டி டிவியின் யுஎஸ்பியிலேயே செருகினேன், டிவி எரியும்போது அதுவும் எரியும். பின்னால் இப்படி மெல்லிய வெளிச்சம் இருந்தால் ராத்திரியில் கண் கூசாது, கறுப்பும் ஆழமாகத் தெரியும். ஸ்ட்ரிப்பின் வெளிச்சம் டிவியின் வெள்ளையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆரம்பத்தில் இது அதிகமாக இருந்தது, மேலே இரண்டு சுற்று மெழுகுத்தாள் சுற்றியதும் அடங்கியது.

பெயின்ட் காய்ந்த பிறகு டிவி. வேலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே ஓட விட்டேன், குளிர்ந்த பேனலில் வைத்த செட்டிங் சூடானதும் நிற்காது. பிக்சர் மோடு விவிட்டில் இருந்தது, மாட்ட வந்த ஆள் விட்டுப்போனபடி. அதை சினிமாவுக்கு மாற்றினேன். சில டிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோடு என்று இருக்கும், 2019-இல் அறிவிக்கப்பட்டது, அது இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம், தேவையில்லாத வித்தைகளில் பெரும்பாலானவை அதிலேயே அணைந்திருக்கும். எங்களுடையதில் அது கிடையாது. டைனமிக் கான்ட்ராஸ்ட், எனர்ஜி சேவிங், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே மாறும் சென்சார், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாவற்றையும் அணைத்தேன். இவை ஓடிக்கொண்டிருந்தால் நாம் ஒரு பக்கம் இழுக்க அது ஒரு பக்கம் இழுக்கும்.

சோதனைப் படங்களுக்கு ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசத் தொகுப்பை எடுத்தேன். டிஸ்க்காக எரித்துக்கொள்ளலாம், எம்பி4 கோப்புகளாகவும் கிடைக்கும். முதலில் எம்பி4-ஐ பென்டிரைவில் போட்டு டிவியிலேயே நேரடியாகச் செருகினேன். பெட்டி, ரிசீவர், ஒயர் எதுவும் நடுவில் இல்லை. இதில் வருவதுதான் நமக்கு அடிப்படை அளவு.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டு மூன்று கறுப்பில் இரண்டுக்கு விடை இங்கேதான். வீடியோவில், 8 பிட் கணக்கில், அதாவது வெளிச்சத்தின் அளவுக்கு 0 முதல் 255 வரை எண் கொடுக்கும் கணக்கில், கறுப்பு 0-இல் தொடங்குவதில்லை. 16 தான் கறுப்பு, 235 தான் வெள்ளை. கம்ப்யூட்டர் பொதுவாக 0 முதல் 255 வரை முழுவதையும் பயன்படுத்தும். அனுப்பும் பெட்டி 0-வைக் கறுப்பு என்று அனுப்பி, வாங்கும் டிவி 16-ஐக் கறுப்பு என்று எடுத்துக்கொண்டால், 0 முதல் 16 வரை இருந்த நிழல் நுணுக்கம் எல்லாம் மூழ்கிப் போகும். பெட்டி 16-ஐ அனுப்பி டிவி 0-வை எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாக மிதக்கும். படம் கறுத்தால் முதல், வெளிறினால் இரண்டாவது, இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோய் கண்டுபிடித்த மாதிரி.

தொகுப்பில் ப்ளாக் கிளிப்பிங் என்ற படத்தில் எண் போட்ட பட்டைகள் மின்னும். 17-லிருந்து மேலே உள்ளவை மின்னுவது தெரிய வேண்டும், 16-ம் அதற்குக் கீழும் தெரியக் கூடாது. டிவியில் ப்ரைட்னஸ் 62-இல் இருந்தது, 5, 6 பட்டைகூட மின்னிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரோ டிஸ்க் போட்டுப் பார்த்து, கறுப்பாக இருக்கிறது என்று ப்ரைட்னஸைக் கூட்டிவிட்டுப் போயிருப்பார், அதனால்தான் பாக்ஸ் வெளிறியது. 49-க்கு இறக்கியதும் 17 விளிம்பில் துடித்தது. அப்புறம் ஒயிட் கிளிப்பிங், 234 வரை கட்டாயம் தெரிய வேண்டும், அதற்கு மேலும் தெரிந்தால் நல்லது. கான்ட்ராஸ்ட் 100-இலிருந்து 88-க்கு வந்தது.

அப்பாவுக்கு இந்தப் பெயர்கள் பிடிக்கவே இல்லை. "ப்ரைட்னஸுன்னு பேரு வச்சுட்டு அது கறுப்பை மாத்துது, கான்ட்ராஸ்ட்னு வச்சுட்டு அது வெள்ளையை மாத்துது. தலைகீழா இருக்கேடா" என்றார். அவர் தொழிலில், நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரில் வெளிச்சம் காட்டும் நேரத்தை வெள்ளைக்காகப் பார்ப்பார்கள், முகத்தின் நெற்றி, வேட்டியின் மடிப்பு சரியாக வர வேண்டும். கறுப்பு எவ்வளவு அழுத்தம் என்பதைப் பேப்பர் கிரேடு, அதாவது பேப்பரின் கான்ட்ராஸ்ட் ரகம், முடிவு செய்யும். ஒன்றைத் தொட்டால் மற்றது நகரும், அதனால் ஒரு துண்டுப் பேப்பரில் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்துப் பார்த்து நெருங்குவார்கள். டிவியிலும் அதே கதைதான். கான்ட்ராஸ்ட்டைக் குறைத்ததும் திரும்பப் போய்ப் பார்த்தால் 17 காணாமல் போயிருந்தது. ப்ரைட்னஸ் 50, மறுபடி கான்ட்ராஸ்ட் 87, இரண்டு முறை போய் வந்ததும் நின்றது. பேனலுக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட் இந்த இரண்டோடும் சேராது, அது அறை வெளிச்சத்துக்கானது. பகலுக்கு 70, ராத்திரிக்கு 28 என்று இரண்டு மோடுகளில் பதிந்துகொண்டேன்.

ஷார்ப்னெஸ் 50-இல் இருந்தது. கறுப்புக் கோட்டின் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா எழுந்து போய் மூக்கு இடிக்கும் தூரத்தில் பார்த்துவிட்டு, "டச்சப் பென்சில்ல அழுத்திட்டான்" என்றார். 10-க்கு வந்ததும் அது மறைந்தது. சில டிவிகளில் 0 தான் இயல்பு நிலை, சிலவற்றில் நடு எண், அதனால் எண்ணைப் பார்க்காமல் அந்த வெள்ளைக் கோடு மறையும் இடத்தைப் பார்த்து நிறுத்துவதே சரி.

அடிப்படை அளவு கிடைத்துவிட்டது. இனி பெட்டிகள். அதே படத்தை டிஸ்க்கில் எரித்து புளூரே பிளேயரில் போட்டேன். 17 இல்லை, 20 இல்லை, 25 கூட மின்னவில்லை. பிளேயர் மெனுவில் எச்டிஎம்ஐ கலர் என்ற இடத்தில் ஆர்ஜிபி என்ஹான்ஸ்ட் என்று வைத்திருந்தது, அதாவது 0 முதல் 255. கேட்பதற்கு என்னவோ உயர்ந்த சரக்கு மாதிரி இருக்கும் பெயர். அதை, 16-ஐக் கறுப்பாக அனுப்பும் ஒய்சிபிசிஆர் என்று மாற்றிய கணத்தில் 17 துடித்தது, பென்டிரைவில் பார்த்த அதே படம். எட்டு மாதக் கரித்துண்டு மூன்று பட்டன் அழுத்தத்தில் போனது. டிவியிலும் ப்ளாக் லெவல் என்று ஒரு செட்டிங் உண்டு, லோ, நார்மல், லிமிடெட், ஃபுல் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. பெயரை நம்பாதீர்கள், மாற்றி மாற்றி வைத்து எதில் 17 தெரிந்து 16 மறைகிறதோ அதுதான் உங்களுக்கு.

ரிசீவரிலும் ஒரு வீடியோ மெனு ஒளிந்திருந்தது. எல்லாவற்றையும் 4கே ஆக்கி, கொஞ்சம் ஷார்ப்னெஸ்ஸும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. பைபாஸ் வைத்து, அதை வெறும் வழிப்போக்கனாக ஆக்கினேன். படத்தை மாற்றும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

டிடிஎச் பாக்ஸுக்கு டெஸ்ட் படம் போட வழியில்லை. ஆனால் ப்ரைட்னஸ் இறங்கியதும் அது தானாகவே தெளிந்துவிட்டது, அது பாவம் முதலிலிருந்தே ஒழுங்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அதில் வேறு இரண்டு பிரச்சினை. ஒன்று, டிவி ஓவர்ஸ்கேன் செய்து நான்கு ஓரத்தையும் வெட்டியது, செய்தி சேனலின் கீழே ஓடும் வரி பாதி அறுந்திருந்தது. டிவியில் படத்தின் அளவை ஜஸ்ட் ஸ்கேன் என்று வைத்ததும் முழுதாக வந்தது. இரண்டாவது, பழைய படங்கள். அவை கிட்டத்தட்ட 4:3 சட்டத்தில் எடுக்கப்பட்டவை, பாக்ஸ் அவற்றை 16:9-க்கு இழுத்துவிட்டிருந்தது. ஆளெல்லாம் குட்டையாக, கன்னம் உப்பி. இழுக்காமல் வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, "இவ்ளோ பெரிய டிவி வாங்கிட்டு ரெண்டு பக்கமும் சும்மா கெடக்கு" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு பாட்டு முழுவதும் இழுக்காமல் ஓட விட்டார். பாட்டு முடிந்ததும் அம்மா, "இப்பத்தான் அவ முகம் அவ முகமா இருக்கு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஸ்டிக்தான் நேரம் எடுத்தது. அது எதைப் போட்டாலும் எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வீச்சு காட்டும் முறை, ஆக்கி அனுப்பும்படி வைக்கப்பட்டிருந்தது. சாதாரணப் படத்தை எச்டிஆர் சிக்னலுக்குள் திணித்தால், டிவி தன்னுடைய எச்டிஆர் செட்டிங்குக்குத் தாவிவிடும், நாம் இத்தனை நேரம் சரிசெய்த சாதாரண செட்டிங் அங்கே செல்லாது. முகம் சிவந்து எழுத்து மங்கிய மூன்றாவது கோளாறு இதுதான். டிவிகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் தனித்தனி நினைவு வைத்திருக்கும். ஸ்டிக்கின் டிஸ்ப்ளே மெனுவில் எச்டிஆரை எப்போதும் என்பதிலிருந்து படத்துக்கு ஏற்றபடி என்று மாற்றினேன், பக்கத்திலேயே ஃப்ரேம் ரேட்டும் படத்துக்கு ஏற்றபடி. நம் சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம். அதை 60-இல் காட்டும்போது ஒரு ஃப்ரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று ஒழுங்கில்லாமல் வரும், கேமரா மெதுவாகத் திரும்பும் இடத்தில் படம் இடறும். 24-ஆகவே அனுப்பினால் அந்த இடறல் போகும். படம் தொடங்கும்போது இரண்டு வினாடி திரை இருண்டு வரும், பழுது என்று பயப்பட வேண்டாம், பெட்டியும் டிவியும் புதிதாகப் பேசிக்கொள்கின்றன.

இதற்கு நடுவில் உண்மையான பழுது ஒன்றும் வந்தது. 4கே எச்டிஆர் படம் ஓடினால் மட்டும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னி மின்னி மறைந்தன, ஒருமுறை படமே போய்விட்டது. 1080 வரி கொண்ட சாதாரண எச்டி படத்தில் ஒரு குறையும் இல்லை. ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகும் ஒயரைக் கழற்றினால் பிளக்கின் உலோகக் கூட்டில் துரு. தேவனாம்பட்டினம் கடல் பக்கத்தில்தான், உப்புக் காற்றுக்கு எங்கள் வீட்டில் கிரில் கம்பி, ஃபேன் திருகாணி எதுவும் தப்பியதில்லை. எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துப் பார்த்தேன், புள்ளி குறைந்தது, போகவில்லை. ஒயரும் பழையது. 1080-க்குப் போதுமான ஒயர், 18 கிகாபிட் வரை கேட்கும் 4கே எச்டிஆருக்குத் திணறும். அந்த வேகத்துக்குச் சான்று பெற்ற இரண்டு மீட்டர் ஒயர் வாங்கி மாற்றியதும் சரியானது. தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள்.

கடைசியாக நிறம், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கலர் டெம்பரேச்சர் கூல் என்பதில் இருந்தது. வீடியோவுக்கு வெள்ளை என்றால் டி65, அதாவது சுமார் 6500 கெல்வின், டிவியில் அதற்குக் கிட்டத்தில் வருவது பெரும்பாலும் வார்ம் தான். மாற்றியதும் எனக்கே திரை மஞ்சளாகத் தெரிந்தது. அப்பா ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வை என்றார். நிறமே இல்லாத படத்தில்தான் டிவி தானாகச் சேர்க்கும் நிறம் பிடிபடும், அவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வார்மில் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கூலுக்குத் தாவினோம். "வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்ட மாதிரி இருக்குடா" என்றார். அதேதான் காரணமும். நீலம் போட்ட துணி கூடுதல் வெள்ளையாகத் தெரிகிறது, கடையில் பத்து டிவி வரிசையில் நிற்கும்போது நீலம் கலந்த டிவிதான் பளிச்சென்று கண்ணில் படுகிறது. வீட்டில் அது வேண்டாம். மூன்று நாள் வார்மில் விடுங்கள், மஞ்சள் என்று நினைத்தது வெள்ளையாகிவிடும், கண்ணுக்கு அவ்வளவு நேரம் தேவை.

கலர் அளவைப் பார்க்க, அப்பா ஸ்டுடியோ விளக்குக்கு வைத்திருந்த நீல ஜெலட்டின் பேப்பரைக் கண்ணுக்கு முன் பிடித்துப் பார்த்தோம். சரிவரவில்லை, அதில் பச்சையும் கசிகிறது. டிவியின் எக்ஸ்பர்ட் மெனுவிலேயே நீலம் மட்டும் காட்டும் வசதி இருந்தது, அதில் கலர் பார் படத்தின் பட்டைகளை ஒப்பிட்டதில் கலர் 50, டின்ட் 0 என்று கம்பெனி வைத்ததே சரி என்று தெரிந்தது. தொட வேண்டாததைத் தொடாமல் விடுவதும் ஒரு வேலைதான்.

பாண்டியில் லாசுப்பேட்டையில் ஆல்பம் அச்சடிக்கும் நண்பர் ஒருவர் மானிட்டருக்கு வைத்திருக்கும், நிறத்தை அளக்கும் கலரிமீட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுத்தார். லேப்டாப்பில் எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருள், டிவி முன் மீட்டரைத் தொங்கவிட்டு 10 முதல் 100 வரை சாம்பல் படிகளை ஒவ்வொன்றாக அளந்தேன். வார்மிலும் வெளிச்சமான படிகளில் நீலம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ப்ளூ கெயினை நாலு புள்ளி இறக்கி, இருட்டான படிகளுக்கு ரெட் ஆஃப்செட்டை ஒன்று ஏற்றினேன், பிழையளவான டெல்டா இ எல்லாப் படியிலும் 3-க்குக் கீழே வந்தது, அதற்குக் கீழே கண் சாதாரணமாகக் கண்டுபிடிக்காது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள சாம்பல்கள் எவ்வளவு வெளிச்சம் என்று முடிவு செய்யும் காமா, ராத்திரி மோடுக்கு 2.4, பகலுக்கு 2.2. இந்த எண்களை உங்கள் டிவியில் அப்படியே போடாதீர்கள், ஒரே மாடலில் இரண்டு பேனலே ஒன்றுபோல் இருப்பதில்லை.

நடுவில் ஃப்ரேம்களைத் தானே சேர்த்து அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கைச் சினிமாவுக்கு முழுவதும் அணைத்தாயிற்று. கிரிக்கெட்டுக்காக ஸ்போர்ட்ஸ் என்று தனி மோடில் லேசாக விட்டிருக்கிறேன், தம்பி கேட்டான், அதில் தப்பில்லை.

எச்டிஆரில் இன்னும் வேலை மிச்சம் இருக்கிறது. எங்கள் டிவிக்கு அவ்வளவு வெளிச்ச சக்தி கிடையாது, அதனால் பேக்லைட் முழுவதும், இருண்ட பகுதியில் மட்டும் பேக்லைட்டைக் குறைக்கும் லோக்கல் டிம்மிங் நடுத்தரம் என்று வைத்து அப்படியே விட்டிருக்கிறேன், இருட்டுப் படங்களில் அது இன்னும் கொஞ்சம் மங்கல்தான்.

எல்லா எண்களையும் அப்பா தன் பழைய பிரின்ட் நோட்டில் எழுதிவைத்திருக்கிறார். எத்தனை வினாடி, எந்த கிரேடு என்று எழுதிய பக்கங்களுக்கு அடுத்த காலிப் பக்கம். மேலே தேதி, கீழே "ஹால் டிவி, ராத்திரி: ப்ரைட் 50, கான்ட் 87, பேக் 28, ஷார்ப் 10". நோட்டு டிவிக்குக் கீழே இழுப்பறையில் இருக்கிறது, பென்சிலோடு.